ஏன் இன்னும் சந்தா கட்டுகிறாய் என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே வீட்டில் அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு மாடியறையை எனக்கென்று பிடித்துக்கொண்டதைத் தவிரச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

எல்லா மின்சுற்றுப் படங்களும் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில், அச்சில் வரும் எலெக்ட்ரானிக்ஸ் இதழுக்கு ஏன் இன்னும் சந்தா கட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கு அடுத்த வரியிலேயே, ‘சிகியூ’ இதழ் நின்றுபோனதால் யாருக்கு என்ன நட்டம் என்றும் எழுதியிருந்தாய். முதல் கேள்வியைச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இரண்டாவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. 1945-இல் தொடங்கி, ஹாம் வானொலிக்காரர்களில், அதாவது பொழுதுபோக்காகச் சொந்தமாக வானொலி நிலையம் வைத்துப் பேசிக்கொள்பவர்களில், மூன்று தலைமுறையினரைப் பார்த்துவிட்ட அமெரிக்க இதழ் அது. 2023-இல் வெளிவருவதை நிறுத்திக்கொண்டுவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 2003-இல், ‘73’ என்ற இன்னொரு ஹாம் வானொலி இதழும் நின்றது. நட்டம் இல்லை என்று உன்னைப்போல் அவ்வளவு எளிதில் எழுதிவிட எனக்குக் கை வரவில்லை.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தகவல் என்று பார்த்தால் நாம் எதையும் இழக்கவில்லை. அன்று ஓர் ஐசியின், அதாவது சில்லின், கால் இணைப்பு தெரியவேண்டுமென்றால் கல்லூரி நூலகத்தில் டேட்டா புக் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்று எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளரின் தாளே வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்புதான் படிக்கிறான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் குறைந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியை, ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வைத்து, காணொளிகளைப் பார்த்தே செய்து முடித்துவிட்டான். நம்மைவிட அவன் விரைவாகக் கற்கிறான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இந்தப் பொழுதுபோக்கு செத்துவிட்டது என்று புலம்புகிற நம் வயதுக்காரர்கள், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை மாலை போய்ப் பார்க்கவேண்டும்.

ஆனால் அந்த இதழ்கள் நமக்குத் தந்தது தகவல் மட்டும்தானா? எலெக்டாரின் இந்தியப் பதிப்பை நாம் வாசித்த நாட்களை நினைத்துப் பார். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயிருந்தன. புது இதழ் வாங்கக் கையில் காசில்லாத மாதங்களில் அங்கே போய்த்தான் பழைய இதழ்களைக் கிளறுவோம். எலெக்டார் நெதர்லாந்தில் பிறந்த இதழ். ஒவ்வொரு நாட்டுக் கடையிலும் ஒவ்வொரு எண் கொண்ட டிரான்சிஸ்டர் கிடைக்கும் என்பதை அறிந்திருந்த அதன் ஆசிரியர்கள், ‘டப்’, ‘டன்’ என்று இரண்டு பொதுப்பெயர்களை வைத்தே சுற்றுகளை வரைந்தார்கள். டிரான்சிஸ்டர்களில் பிஎன்பி, என்பிஎன் என்று இரண்டு வகை உண்டு. குறிப்பிட்ட சில குறைந்தபட்ச அளவுகளைத் தாண்டுகிற சிலிக்கான் பிஎன்பி எதுவானாலும் டப், என்பிஎன் எதுவானாலும் டன். நரசிங்கபுரம் தெருக் கடைக்காரர் பிசி147 கொடுத்தாலும் சரி, பிசி547 கொடுத்தாலும் சரி, சுற்று வேலை செய்யும். எங்கோ உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியர் குழு, தான் ஒருநாளும் பார்த்திராத வாசகனின் கையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று யோசித்து எடுத்த முடிவு அது. தேடுபொறி எனக்கு ஆயிரம் சுற்றுகளைக் காட்டுகிறது. ஆனால் என் மேசை இழுப்பறையில் எஸ்எல்100, எஸ்கே100 என்ற பழைய டிரான்சிஸ்டர்கள்தான் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்து எதையும் காட்டுவதில்லை.

சுற்றுப் பலகை செய்த விதம் உனக்கு மறந்திருக்காது. பாகங்களை இணைக்கும் செம்புத் தடங்களின் படம் இதழில் அசல் அளவிலேயே அச்சாகியிருக்கும். கார்பன் தாளை வைத்து அதைச் செம்புத் தகட்டின்மேல் பிரதியெடுத்து, தடங்களின்மேல் உன் அக்காவின் நெயில் பாலிஷைப் பூசிக் காயவைத்து, பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிய பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு மெல்ல ஆட்டிக்கொண்டிருப்போம். முதலில் தகடு முழுவதும் மங்கி நிறம் மாறும். பிறகு ஓரங்களில் செம்பு கரைந்து பலகையின் மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கும். பெரிய வெற்றிடங்களின் நடுவில் உள்ள செம்பு மட்டும் கடைசிவரை பிடிவாதமாக நிற்கும். அவசரப்பட்டு எடுத்தால் இரண்டு தடங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதிக நேரம் விட்டால் மெல்லிய தடம் அரிக்கப்பட்டு அறுந்துபோகும். கரைசல் தெறித்த சட்டையின் பழுப்புக் கறை எந்தச் சோப்புக்கும் போனதில்லை. அந்த உழைப்பு உயர்ந்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்று பலகையைத் தொழிற்சாலையே செய்து அனுப்புவது எல்லா வகையிலும் மேலானது. அந்தப் பக்கத்தை நம்பி ஒருவன் அத்தனை பாடுபட்டான் என்பதுதான் இங்கே முக்கியம். இதழில் வந்த சுற்று யாரோ ஒருவர் கட்டி, அளந்து, ஓடவிட்டுப் பார்த்தது என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. தவறு நேர்ந்திருந்தால் பின்னால் வரும் இதழில் ‘மிஸ்ஸிங் லிங்க்’ என்ற பகுதியில் திருத்தம் வெளிவரும். முதல் இதழை வாங்கியவனின் கைக்கு அந்தத் திருத்தமும் போய்ச் சேர வழி இருந்தது. இன்று ஒரு காணொளியில் மின்தேக்கியின் முனைகளை மாற்றிக் காட்டிவிட்டால், அதைப் பார்த்துவிட்டுப் போனவனைத் தேடிப்போய்ச் சொல்ல யாருக்கும் வழியில்லை.

வாசகர்கள் கைவிட்டதால்தான் இந்த இதழ்கள் மடிந்தன என்று நீ எழுதியிருப்பதில்தான் எனக்கு முழுமையான கருத்து வேறுபாடு. எனக்குத் தெரிந்தவரை, முதலில் போனது விளம்பரம். வாசகன் பிறகுதான் போனான். இத்தகைய இதழ்களில் விளம்பரம் என்பது நடிகை சோப்போடு சிரிக்கிற பக்கமன்று. ஒரு ரெசிஸ்டர் நூறு வாங்கினால் என்ன விலை, எந்த ஐசி இருப்பில் உள்ளது என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நீளும் விலைப்பட்டியல் அது. நாம் கட்டுரைக்கு முன்பே அதைத்தான் படித்தோம் என்பதை நீ மறுக்கமாட்டாய். தில்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட்டும் மும்பையின் லாமிங்டன் ரோடும் நமக்கு அந்தப் பக்கங்களின் வழியாகத்தான் பழக்கமாயின. கடைக்காரர் தன் சரக்குப் பட்டியலை இணையத்தில் அன்றாடம் மாற்றிப் போட முடிந்த நாளில், மூன்று வாரம் முன்கூட்டியே விலை அனுப்பவேண்டிய மாத இதழுக்கு அவர் ஏன் பணம் தருவார்? விளம்பரம் குறைந்ததும் பக்கம் குறைந்தது. பக்கம் குறைந்ததும் சுற்றுகளைக் கட்டிச் சோதிக்கும் ஆய்வகத்துக்கும் எழுதுபவருக்கும் கொடுக்கக் காசில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான், மெலிந்த இதழைக் கையில் எடுத்துப் பார்த்த வாசகன் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டான். ‘பைட்’ என்ற அமெரிக்கக் கணினி இதழ் 1980-களில் மாதம் ஐந்நூறு பக்கங்களைத் தாண்டியது விளம்பரங்களால்தான். 1998-இல் அதை விலைக்கு வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டு ஜூலை இதழோடு நிறுத்திவிட்டது. அப்போது அதற்கு வாசகர் இல்லாமல் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இதழ்களின் மேல் போட முடியாது. நாமே செய்தால் கடையில் வாங்குவதைவிட மலிவு என்ற கணக்கு ஒரு கட்டத்தில் தலைகீழாயிற்று. அமெரிக்காவில், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகளான கிட்களைத் தலைமுறைகளாக விற்ற ஹீத்கிட் நிறுவனமே 1992-இல் அந்தத் தொழிலைக் கைவிட்டது.

‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழின் கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வரும். 1954-இல் தொடங்கிய அந்த இதழ், 1975 ஜனவரி அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினிக் கிட்டைப் போட்டது. உண்மையான மாதிரி அனுப்பும் வழியில் தொலைந்துபோனதால், அட்டையில் படமாக வந்தது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய பால் ஆலனும் பில் கேட்ஸும் அந்தக் கணினிக்கு மென்பொருள் எழுதப் புறப்பட்டார்கள். சில நூறு விற்றால் போதும் என்றிருந்த அதன் தயாரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்து குவிந்தது. பிறகு என்ன ஆயிற்று? தான் ஊருக்கு அறிமுகம் செய்த கணினியின் பின்னாலேயே ஓடிய அந்த இதழ், 1982-இல் பெயரையும் ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்’ என்று மாற்றிக்கொண்டு, 1985-இல் மூடப்பட்டது. அந்தப் பழைய பெயரை வேறொரு பதிப்பகம் வாங்கித் தன் இதழுக்குச் சூட்டியது. அதுவும் இன்னோர் இதழோடு இணைந்து ‘பாப்ட்ரானிக்ஸ்’ ஆகி, 2003-இல் நின்றது.

ஆல்டேர் அட்டையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கணினியைத் தேடிக்கொண்டு போயிருப்பார்கள்? ஒலிபெருக்கி கட்டவோ கார் அலாரம் செய்யவோ இதழை வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர். 1913-இல் தொடங்கிய ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பிரிட்டன் இதழின் 1945 அக்டோபர் வாசகனும் அப்படித்தான். வானொலிப் பெட்டிக்கு வழி தேடியவனுக்கு, பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றும் மூன்று செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்ற ஆர்தர் சி. கிளார்க்கின் கட்டுரை அதே அட்டைக்குள் கிடைத்தது. தேடினால் கிடைப்பதை இன்று யார் வேண்டுமானாலும் எனக்குத் தரமுடியும். தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றாததைப் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கத்தான் ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கிறது. நான் சந்தா கட்டுவது அவருக்காகத்தான். காணொளித் தளம் நான் நேற்றுப் பார்த்ததைப் போன்ற இன்னொன்றைத்தான் இன்று நீட்டுகிறது. பந்தியில் முதல் உருண்டை சாம்பார் சாதமாக இருந்தது என்பதற்காகக் கடைசிவரை சாம்பாரையே ஊற்றிக்கொண்டிருப்பவரைப் போல.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. 1969 முதல் தில்லியிலிருந்து வரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இன்னும் அச்சில் இருக்கிறது. ஆனால் என் கண்ணுக்கு அதில் இப்போது மேசையில் கட்டிப் பார்க்கிறவனைவிடத் தொழில்துறைக்காரருக்கே தீனி அதிகம். ஆஸ்திரேலியாவின் ‘சிலிக்கான் சிப்’ 1987 முதல் விடாமல் வருகிறது. 1915-இல் தொடங்கிய ‘கியூஎஸ்டி’ அமெரிக்க ஹாம் வானொலிச் சங்கத்தின் இதழ் என்பதால் நிலைத்தது. அங்கும் 2024 முதல், சங்க உறுப்பினர் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 25 டாலர் கொடுத்தால்தான் அச்சுப்பிரதி கிடைக்கும். ராஸ்பெரி பை என்ற மலிவான சின்னக் கணினிக்காக ஆர்வலர்கள் 2012-இல் தொடங்கிய ‘மேக்பை’ இதழ், 2015 டிசம்பரில் ஐந்து டாலர் விலையுள்ள பை ஸீரோ கணினியை அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தது. முழுக் கணினியை இணைப்பாகக் கொடுத்த இதழைக் கேள்விப்பட்டபோது எனக்கே கை துறுதுறுத்தது. இருந்தாலும் பார், இவற்றில் ஒன்றுக்குச் சங்கத்தின் துணை, இன்னொன்றுக்குக் கணினி விற்கும் நிறுவனத்தின் துணை. தன் சரக்கை விற்கும் நிறுவனத்தின் இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தச் சரக்கில் குறை இருக்கும் நாளில் அதை முதலில் எழுதுமா என்ற சந்தேகம் எனக்குத் தீராது. யாருக்கும் கடன்படாமல், வாசகன் காசிலும் நூறு சின்னக் கடைக்காரர்களின் காசிலும் ஓடிய இதழ்தான் இப்போது அரிதாகிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வயதில் நம் கைக்கு எட்டிய இதழ்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தன. லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பத்தி பத்தியாக நகர்ந்தோம். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தமிழிலேயே தெளிவாக விளக்கிச் சொல்லும் காணொளிகள் இருக்கின்றன. இந்த இடத்தில் மட்டும் உன்னோடு வாதாட எனக்கு வாய் இல்லை.

உன் இதழ்க் கட்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்துவிட்டுத் தாள்களைக் கடைக்குப் போட எண்ணியிருப்பதாக எழுதியிருந்தாய். போடுவதும் போடாததும் உன் விருப்பம், உன் வீட்டில் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதே என்பதே என் வேண்டுகோள். முன்பு நூலகங்களில் ஆண்டுத் தொகுப்பாகப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரங்களையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கட்டுரைகளில் பாதி வேறெங்கேனும் கிடைக்கும். 1988-இல் ரிச்சி தெருவில் ஒரு 555 ஐசி என்ன விலைக்கு விற்றது என்பது உன் கட்டைத் தவிர வேறெங்கும் இருக்காது. வாசகர் கடிதப் பக்கங்களையும் சேர்த்துக்கொள். நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகளோடு வந்த எலெக்டாரின் ஜூலை-ஆகஸ்ட் இரட்டை இதழ்கள் உன்னிடம் இருந்தால், அவற்றைத் தாளாகவே எனக்கு அனுப்பிவிடு. பார்சல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்