சட்டக் காணொளி வெளியிடுவோருக்கு ஈரோட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

காவல் நிலையத்தில் எப்படிப் பேச வேண்டும், வழக்கறிஞரிடம் எப்படி ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று கைப்பேசி வழியே சொல்லித் தரும் அன்பர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டு நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் படித்தவன் அல்லன். கட்சிக்காரர் கொண்டு வரும் காகிதத்தில் முதலில் தேதியைத் தேடிப் பழகியவன். இன்றும் ஊரார் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஆனால் காகிதத்துக்கு முன்பாகக் கைப்பேசியை நீட்டுகிறார்கள். "ஏனுங்க, இதுல இப்படிச் சொல்றாங்க, நீங்க வேற மாதிரி சொல்றீங்களே" என்று கேட்கிறார்கள்.

உங்களால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புகார் கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் இன்று தயங்காமல் சொல்கிறார்கள். அந்தத் துணிவில் உங்களுக்குப் பங்குண்டு. என் குறை வேறு. நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி பொய்யன்று, பாதி வாக்கியம். மீதிப் பாதியில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

சென்னிமலைப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் பெட்ஷீட் அனுப்பிய வகையில் மூன்று லட்சம் ரூபாய்க்குச் செக் வாங்கினார். செக் பணமில்லாமல் திரும்பியது. "உடனே காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள், பணம் தானாக வரும்" என்று ஒரு காணொளியில் கேட்டுவிட்டு, இரண்டு மாதம் நிலையத்துக்கு நடந்தார். "இது சிவில் மேட்டர்" என்று அங்கே சொன்னதை, காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்றே நம்பினார். அப்படி நம்பவும் காணொளியே கற்றுக்கொடுத்திருந்தது. மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில், செக் திரும்பியதாக வங்கி தரும் குறிப்பு (ரிட்டர்ன் மெமோ) கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் செக் கொடுத்தவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கலில் ஏற்பட்ட தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. செக்கை மறுபடி வங்கியில் போடலாம் என்றாலோ, அதன் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது. ஆகவே கோர்ட் கட்டணம் கட்டிச் சிவில் வழக்குப் போடும் வழிதான் அவருக்கு மிஞ்சியது. அந்தக் காணொளியை வெளியிட்டவர் தெரிந்தே கெடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. 30 நாள் என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது, "போலீஸ் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள்" என்ற அறிவுரை. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. காவலில் உள்ளவரை விசாரிக்கும் முன், அவர் மௌனமாக இருக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்க வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966இல் மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்தது. நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவும் குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் கீழ்பவானி வாய்க்கால் மதகுத் தகராறொன்றை நேரில் பார்த்த எங்கள் பக்கத்துப் பையன், தான் சாட்சி மட்டுமே என்பதை மறந்து, "எனக்கு மௌன உரிமை உண்டு" என்று உதவி ஆய்வாளரிடம் வாதாடினான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவு, தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகள் நீங்கலாக மற்றவற்றுக்கு உண்மையான பதில் சொல்லக் கடமை உண்டு என்கிறது. அவனுக்குப் பயன்பட்டிருக்கக் கூடிய செய்தி அடுத்த பிரிவில் இருக்கிறது: காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை. அதைப் பற்றி ஒரு காணொளியும் என் கண்ணில் படவில்லை.

"விசாரணையில் வழக்கறிஞர் பக்கத்திலேயே உட்காரலாம்" என்பதும் அப்படித்தான். கைதானவர் விசாரணையின்போது தம் வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அன்று என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. புகாரை உடனே பதிந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பைக் காட்டுகிறீர்கள். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இதே புதிய சட்டத்தின்படி, மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். இது தெரியாமல் போனவர் எழுத்தரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறார்.

வழக்கறிஞர்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குக் கோபமில்லை. வாய்தாவுக்கு வாய்தா வாங்கியே காலம் கடத்தியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் "நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுங்கள்" என்ற யோசனை, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்த்ததோடு முடிந்துவிட்டது. முறைகேடு என்றால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் பார் கவுன்சிலுக்கு எழுதலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்தாயிற்று. கட்டைத் திருப்பிக் கேட்கக் கூசி நின்ற எத்தனையோ பேருக்கு அந்த ஒரு வரி போதும்.

நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு காணொளியிலும் எந்த நாட்டுச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் பேசியது என்று திரையிலேயே எழுதுங்கள். விதிவிலக்கையும் கெடுவையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் காவலில் உள்ளோரும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதையும், அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100 என்பதையும் சேருங்கள். 2024 ஜூலைக்கு முந்திய பழைய காணொளிகளை நீக்க மனம் வராவிட்டால், பிரிவு எண்கள் மாறிவிட்டன என்று அவற்றின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள். முதலில் அந்தச் செக் காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
ஈரோடு.