ஒற்றை ஆள் டென்ட்டுக்கு எதெல்லாம் வேண்டும்

ஆம்பூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதே ஷூ கம்பெனி, அதே தையல் பிரிவு. நலம்தான்.

சரி, டென்ட் விஷயம். நீ எழுதி அனுப்பிய பட்டியலை நிதானமாகப் படித்தேன். ஒரு கிலோவுக்குள் அடங்கும் டென்ட், நடைக்கம்பை ஊன்றி நிறுத்துவது. அதன்மேல் காசு கொடுத்தால் டென்ட் கம்பெனிக்காரர்கள் சேர்த்துத் தரும் சாமான்கள் ஒரு பக்கத்துக்கு. அதில் பாதி, பனி கொட்டும் நாட்டுக்காரர்களுக்கு வேண்டியவை. நீ படுக்கப்போவது ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும். அதனால் கிராம் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தரையில் ஊர்வதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். எடை குறையும் என்று, பூச்சி நுழையாத உள்வலையே இல்லாமல் மழைக்கான மேல்துணியை மட்டும் வாங்குகிறவர்கள் உண்டு. நம் பக்கத்துக்கு அது கூடவே கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது, கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது. தேளும் உண்டு. அப்புறம் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்), ஒரு பொடிப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் அது நிறைய வருகிறது, சி.எம்.சி. மருத்துவர்கள் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதிவருகிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் அந்தப் பூச்சிக் குஞ்சு வலையின் கண்ணைவிடச் சிறியது, வலையை மட்டும் நம்ப முடியாது. தரைத்துணி நாலு பக்கமும் தொட்டிபோல அரை அடியாவது மேலே ஏறி, அதற்கு மேல் வலை தொடங்க வேண்டும். ஜிப் முழுசாக மூட வேண்டும். ஜிப் கொஞ்சம் பெரிய பல்லாக இருந்தால் எடை கூடும், ஆனால் மண் ஏறினாலும் சட்டென்று மக்கர் பண்ணாது. இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், மச்சான். அடம்பிடித்துச் சொல்கிறேன்.

உள்பக்கம் வலையா, கெட்டித் துணியா என்று கேட்டிருந்தாய். வலையேதான். கெட்டித் துணி குளிர்காற்றைத் தடுக்கும், உண்மை. ஆனால் மார்கழியில் ஜமுனாமரத்தூரில் அடிக்கும் குளிருக்கு ஒரு கம்பளித் தொப்பியும் நல்ல போர்வையும் போதும். மற்ற மாதமெல்லாம் புழுக்கம்தான். தூங்குகிற ஆளின் மூச்சிலும் வேர்வையிலுமே ஒரு டம்ளருக்குக் குறையாமல் ஈரம் வெளியேறுகிறது. அது போக வழியில்லாவிட்டால் மேல்துணியின் உள்பக்கம் பனித்து, விடியும்போது சொட்டும். அதனால் உச்சியில் காற்றுத் திறப்பு தருகிறார்கள் என்றால் கட்டாயம் வாங்கு. இரண்டாவது வாசலும் வாங்கு. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு வாசல் என்று தோன்றும். இரண்டையும் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்று இப்படி நுழைந்து அப்படிப் போகும். சித்திரையில் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய வசதி இல்லை.

உள்வலையைத் தனியாகக் கழற்றி நிறுத்த முடியுமா என்பதையும் கேட்டுக்கொள். மழைநாளில் மேல்துணியை முதலில் நிறுத்தி அதன் கீழே வலையை மாட்டினால் உள்ளே நனையாது. மாசி பங்குனியில் மேல்துணியே வேண்டாம், வலை மட்டும் போதும். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுவந்து 1986இல் திறந்தார்கள் என்றால் அந்த மலையின் வானம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள். அதைப் பார்த்தபடி படுக்க முடியாத டென்ட் எனக்குப் பிடிக்காது.

துணிக்கு வருவோம், இது நம்ம தொழில். சிலிகான் பூசிய நைலான் ஈரம் குடித்துத் தளரும், நடுராத்திரி எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும். சிலிகான் பூசிய பாலியெஸ்டர் அவ்வளவு தளராது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். டைனீமா துணி ரொம்ப லேசு, தண்ணீரும் குடிக்காது. பந்தயப் பாய்மரப் படகுக்காக உருவானது அது. ஆனால் விலை பல மடங்கு, வெளிச்சத்தையும் உள்ளே விடும். நான் பாலியெஸ்டருக்குத்தான் கை தூக்குவேன். தண்ணீர் தாங்கும் அளவு (துணிமேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்ற கணக்கு) மேல்துணிக்கு 1500 மில்லிமீட்டர் இருந்தால் போதும், முட்டி ஊன்றும் தரைக்கு 3000 கேள்.

இரண்டு பக்கமும் சிலிகான் பூசிய துணியில் சாதாரண டேப் ஒட்டாது. அதனால்தான் தையல் ஓட்டையை அடைப்பதற்குத் தனிக்காசு கேட்கிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடி. ஹார்டுவேர் கடையில் நிறமில்லாத சிலிகான் டியூப் ஒன்றும் டர்பென்டைனும் வாங்கி, நீர்க்கக் கலந்து, மொட்டை மாடியில் டென்ட்டை விறைப்பாக நிறுத்தி, தையல்மேல் பிரஷ்ஷால் தடவி, ஒரு நாள் காயவிட வேண்டும். நீ இங்கே வா, நானே செய்துதருகிறேன். கயிறு கோத்துக் கட்டும் கூடுதல் காதுகளும் நம் ஆட்கள் தைத்துவிடுவார்கள். தையலை ரொம்ப நெருக்கினால் தபால்தலை ஓரம் மாதிரி துணி அங்கேயே கிழியும். பின்னால் ஒரு துண்டு கொடுத்துத் தைக்க வேண்டும்.

அந்தக் காதுகள் உனக்குத் தேவைப்படும். நம் மலையில் பல இடத்தில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை, முளை இறங்காது. நீளமான கயிறு இருந்தால் கல்லில் சுற்றிக் கட்டலாம். முளைகளில் டைட்டானியக் கம்பி வேண்டாம், கல் பட்டால் வளையும். மூன்று விளிம்பு வைத்த அலுமினியத்தையே வாங்கு. கார்பன் கம்பமும் வேண்டாம், உன் நடைக்கம்பு போதும்.

கீழே விரிக்கும் ஷீட்டை அவர்களிடம் வாங்காதே. இங்கே பஜாரில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டென்ட்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழியும் மழைத் தண்ணீர் அதன்மேல் விழுந்து உன் அடியில் வந்து நிற்கும்.

வாசல் முன்கூரை பை, செருப்பு வைக்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்குள் அடுப்பு மூட்டாதே. மலையேறப் போனவர்கள் பலியான குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு (2018) வனத்துறை கெடுபிடியாகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காப்புக்காட்டுக்குள் தங்க நினைக்காதே. மேலே தெரிந்தவர் ஒருவரின் சாமைக் கொல்லை இருக்கிறது, அறுப்பு முடிந்ததும் அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆர்டர் போடுவதற்கு முன் உன் உயரத்துக்கு உள்நீளம் சரியா என்று அளந்துவிடு. படுத்தால் தலையும் காலும் துணியில் இடிக்கக் கூடாது. தை மாதம் வருவதானால் முன்கூட்டியே எழுது, நான் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்