கோயிலின் கடல் பக்கச் சுவருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டே விசாரித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம்ம கத்தோலிக்கக் கோயிலின், பவளக்கல்லால் கட்டிய பழைய கடல் பக்கச் சுவரைப் பழுதுபார்க்கும் வேலை போன சனிக்கிழமையோடு முடிந்தது. பூசைக்குப் பிறகு வாயால் நன்றி சொன்னோம்தான், ஆனால் அன்று கடலுக்குப் போயிருந்தவர்கள் பாதிப்பேர், அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி காரைக்குடிப் பக்கமிருந்து வந்த கொத்தனார் அண்ணனுக்கு. சிமெண்ட் பூச்சை அவர் உளியால் தட்டியதும் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது, உள்ளே கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, விரல் பட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. பவளக்கல் ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டும்விடும். மேலே சிமெண்டை அப்பி மூடிவிட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்பு கட்டி, கல்லை அரித்துவிட்டது. முன்னே சிமெண்ட் பூசியதும் கோயில் நல்லாயிருக்கணும் என்ற ஆசையில்தான், யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. அண்ணன் ஒரு கல்லை என் கையில் வைத்தார். தேன்கூடு மாதிரி கண் கண்ணாக, ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் நட்சத்திரமாய்ச் சின்னக் கோடுகள். "உயிரோட வளர்ந்த கல்லு தம்பி, ஒண்ணையும் வீசிடாதீங்க" என்றார். இன்றைக்குக் கடலில் பவளம் எடுக்கச் சட்டம் விடாது, விடவும் கூடாது. அதனால் உதிர்ந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பெடுத்துக் கொடுத்த, பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களுக்குத்தான் என் பெரிய நன்றி. 1964 டிசம்பர் புயலில் கூரையை இழந்த தனுஷ்கோடி கோயிலின் சுவர்களும் இதே பவளக்கல்தான், இன்னும் நிற்கின்றன.

அப்புறம் காரை, அதாவது சிமெண்டுக்குப் பதிலாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பை நீற்றுக் குழியில் போட்டுச் சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுப் பதம் பார்க்கணும். கடுக்காய் இடித்த அன்பியத்து (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) அக்காமாருக்கு உள்ளங்கையெல்லாம் கறுத்துப்போனது, ஒரு வாரம் சோறு பிசையும்போதுகூட அந்தத் துவர்ப்பு போகவில்லை என்று சொன்னார்கள். கருப்பட்டி சாயல்குடியிலிருந்து வந்தது. அனுப்பியவர் தன் பேரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், சரி, சொல்லவில்லை. மணலுக்கு டிராக்டர் தந்த பக்கத்து ஊர் பாய், டீசல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஓரியூருக்கு நடந்துபோன பிள்ளைகள் வழியில் சேர்த்த காசையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1693-ல் சேசு சபைக் குரு அருளானந்தர் வேதத்துக்காக ரத்தம் சிந்திய அந்த ஓரியூர் மண்ணிலிருந்து வந்த காசு, அதை எண்ணும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. மண்டபம் பக்கத்து வேதாளையில் 1549-லேயே அதே சபையின் கிரிமினாலி சுவாமியார் உயிரைக் கொடுத்த கரை இது. அப்படிப்பட்ட கரையில் நம் முன்னோர் கட்டிவைத்த சுவரை நம் காலத்தில் சரியவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

பங்குத்தந்தைக்கும், இரவில் சாக்கை நனைத்துச் சுவரில் போர்த்திய, ஞானப்பாடம் சொல்லித்தரும் உபதேசியார் ஐயாவுக்கும் நன்றி. சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெல்லத்தான் இறுகும், இன்னும் சில மாதம் ஆகும்.

பக்கவாசலுக்கு அருகே கையகல இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறோம். கொடியேற்றத்துக்கு வரும்போது அந்தக் கல்லைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டுங்கள். சீரியல் லைட் கட்ட இந்தச் சுவரில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம், தனியாக மூங்கில் நட்டிருக்கிறோம்.