கிப்பன் கதையில் ஒரு திருத்தம்

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி தேவலாம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பேத்திக்குக் கிப்பன் கதை சொன்னாயாமே, ‘ஆயுசுக்கும் ஒரே ஜோடியாக வாழும் குரங்கு’ என்று. உனக்கு அதைச் சொன்னவனே நான்தான். அதனால் திருத்துவதும் என் வேலையாகிறது.

முதலில், அது வெறும் குரங்கு இல்லை. வால் கிடையாது. சிம்பன்சி, கொரில்லாவுக்குச் சின்னத் தாயாதி என்று வைத்துக்கொள். அசாம் பக்கத்துக் காடுகளில் இருக்கும் ஹூலக் என்ற கிப்பன்தான் இந்தியாவில் வாழும் ஒரே மனிதக்குரங்கு. முன்பெல்லாம் எல்லாக் கிப்பன்களையும் ஹைலோபேட்டஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் பிரிவு) பெரும்பாலும் போட்டுவைத்திருந்தார்கள். குரோமோசோம்களை வகைவாரியாக எண்ணினால் கணக்கு உதைத்தது: இன்றும் ஹைலோபேட்டஸ் என்ற பெயரிலேயே இருப்பவைக்கு 44, ஹூலக்குக்கு 38, நொமாஸ்கஸுக்கு 52, சியாமாங்குக்கு 50. பார்வைக்கு அண்ணன் தம்பி, உள்ளே இவ்வளவு தூரம்! இப்போது நான்கு பேரினம், சுமார் 20 இனம். 2017இல்கூட சீன மியான்மர் எல்லைக் காட்டில் ஒரு ஹூலக்கைத் தனி இனமாகப் பிரித்தார்கள்.

சரி, ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். விடிந்ததும் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது உண்மை. அந்தப் பாட்டு கேட்டுக் கற்றதல்ல, பிறவியிலேயே வருவது. இரண்டு இனம் கலந்து பிறந்த குட்டி இரண்டுங்கெட்டான் பாட்டாகப் பாடுகிறது. ஆனால் பாட்டில் இருக்கும் ஒற்றுமை குடித்தனத்தில் அப்படியே இல்லையப்பா. தாய்லாந்தின் காவோ யாய் காட்டில் வெள்ளைக்கை கிப்பன்களை வருஷக்கணக்காகக் கவனித்தவர்கள், பெண் பக்கத்துக் குடும்பத்து ஆணோடு சேர்வதையும், ஜோடி மாறுவதையும், ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள் குடியிருப்பதையும் பார்த்தார்கள். சீனாவின் ஹைனான் தீவுக் கிப்பன்களில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது எல்லைத் தகராறுதான். காவோ யாயில் இரண்டு குடும்பங்கள் எல்லையில் சந்தித்தால் ஆண்கள் துரத்திக்கொள்வார்களாம். சில நாள் சண்டையே இருக்காது, இரு வீட்டுக் குட்டிகளும் சேர்ந்து விளையாடும். வளர்ந்த பிள்ளைகள் பக்கத்துக் குழுவில் போய்ச் சேர்வதும் உண்டு என்பதால் அங்கே சொந்தபந்தம் இருக்கலாம். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரிதான்.

பேத்தியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு. சங்கடமாக இருந்தால் சியாமாங்கைச் சொல். இரண்டாம் வயதில் குட்டியைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் அப்பன்தான். அதில் திருத்தம் எதுவும் இல்லை.

உன்,
ராமு