அக்கிக்கு அஞ்சு வேளை மாத்திரை

கண்ணு,

அம்மா எழுதிக்கிறது. நீ அனுப்பின போட்டோவைக் கடையில வெச்சே பார்த்தேன். இடுப்புல ஒரு பக்கம் மட்டும் பட்டையாக் கொப்புளம். அக்கியேதான். வெசனப்படாதே. ஆனா "மாத்திரை ரெண்டு வேளை போட்டாப் பத்தாதா"ன்னு போன்ல கேட்டியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

இது புதுசா எங்கிருந்தும் ஒட்டலை. சின்னதுல உனக்குச் சின்னம்மை போட்டுச்சே, அதே கிருமி. அம்மை இறங்கின பின்னாடியும் முதுகெலும்புப் பக்கத்து நரம்பு முடிச்சுல பதுங்கிக் கிடந்து, இப்ப எந்திரிச்சிருக்குது. செல்லுக்குள்ள பூந்து தன் டிஎன்ஏவை நகல் எடுத்து நகல் எடுத்துத்தான் பெருகும். நீ போடற ஏசைக்ளோவிர் மாத்திரை அந்த நகல்லதான் கை வைக்குது. டிஎன்ஏவைக் கோக்கிற நாலு எழுத்துல ஒண்ணாட்டம் போய்ச் சங்கிலியில உட்கார்ந்துக்கும். அடுத்ததைக் கோக்க முனை அதுகிட்டக் கிடையாது. சென்னிமலையில பாவு பிணைக்கிறவங்க கையில நுனியே இல்லாத இழையைக் கொடுத்தா என்ன பண்ணுவாங்க? வேலை அங்கயே நின்னுரும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. முழுங்கின மருந்து அப்படியே வேலை செய்யாது. அதுல பாஸ்பேட்டுங்கிற சின்ன வேதித் துண்டு முதல் ஒண்ணை ஒட்டி முடுக்கிவிடறது கிருமியோட சொந்த என்சைம். கிருமி இல்லாத செல்லுல அனேகமாச் சும்மாவே கிடக்கும். கெர்ட்ரூட் எலியன் குழு கண்டுபிடிச்ச மருந்து இது. டாக்டர் பட்டம் முடிக்காமயே 1988ல நோபல் வாங்கின அம்மா அவங்க.

முழுங்கினதுல கால்வாசிகூட ரத்தத்துல சேராது, சேர்ந்ததும் மூணு மணி நேரத்துல பாதியாயிரும். அதான் 800 மில்லிகிராம், முழிச்சிருக்கிறப்ப நாலு மணி நேரத்துக்கொருக்கா, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஏழு நாள். நடுவுல விட்டா மறுபடி நகல் ஆரம்பிச்சுரும். மூணு வேளை போதும்னா வலாசைக்ளோவிர் இருக்குது, டாக்டரைக் கேளு. தண்ணி நல்லாக் குடி, கிட்னி வழியாத்தான் வெளிய போகுது.

கொப்புளம் தட்டின 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு. ஏற்கெனவே எடுத்த நகலை மாத்திரை ஒண்ணும் பண்ணாது, தூங்குற கிருமியையும் தொடாது.

அமுச்சி, ஊருக்கு வந்து காவியில அக்கி எழுதிக்கச் சொல்றாங்க. "சரிங்க அமுச்சி"ன்னு மட்டும் சொல்லிவை. உடைஞ்ச கொப்புளத்து மேல எதையும் பூசாதே, சீழ் வெச்சுக்கும்.

உன் ரூம்ல இருக்கிற பையனுக்கு அம்மை போட்டிருக்குதான்னு கேட்டுச் சொல்லு. போடலைன்னா உன் கொப்புளத் தண்ணி பட்டு அவனுக்கு அம்மை வரலாம். துண்டு, போர்வையெல்லாம் தனியா வெச்சுக்கோ.

அம்மா