மருத்துவ மாணவர்களுக்கும் ஓய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப்புறத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு மாலையிட்டுப் பதாகை கட்டி மகிழும் நாம், அதன்பின் அப்பிள்ளை எப்படி வாழ்கிறது என்று விசாரிப்பதில்லை. ஐந்து வருடப் படிப்பும் அதன்பின் உள்ளகப் பயிற்சியும் நீண்ட பாதை. பாடசாலையில் உயர்தரம் வரை தமிழில் கற்றவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் ஆங்கிலத்தில் கற்கவேண்டியிருப்பதால், ஏனையோர் ஒருமுறை வாசிக்கும் பக்கத்தை அகராதியுடன் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அந்த மேலதிக நேரம் உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

நான் அறிந்த மாணவி ஒருத்தி விடுமுறையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலுள்ள தன் லயன் வீட்டுக்கு வந்தால், பையை இறக்கிவைக்குமுன்பே அயலவர்கள் தங்கள் நோய் விபரம் எழுதிய கிளினிக் கொப்பிகளோடு ஆலோசனை கேட்டு வாசலில் நிற்பார்கள். இரவில் தம்பிக்குப் பாடம், காலையில் உறவினர் வீட்டுச் சடங்கு. பரீட்சைக் காலத்தில் ஒரு சடங்குக்கு வராததற்காக, "டொக்டர் ஆகுமுன்பே தலைக்கனம்" என்று சிலர் அவளைப் பற்றிப் பேசியதை நானே கேட்டேன். அது அநியாயமான பேச்சு.

பெற்றோர் தொலைபேசியில் புள்ளிகளைக் கேட்குமுன் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்கட்டும். மாணவர்களும் வாரத்தில் ஒரு மாலையையாவது விளையாட்டுக்கோ நண்பர்களுக்கோ ஒதுக்குவதைக் குற்றமாகக் கருதவேண்டாம். மனம் தளர்ந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கத் தயங்கவேண்டாம். மலையகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் முதலாம் வருட மாணவர் ஒருவரையேனும் பொறுப்பேற்று வழிகாட்டவும், அதற்கான பெயர்ப் பட்டியலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் தயாரிக்கவும் முன்வரவேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.