மறுதொடக்கத்துக்கு முன்பே சொல்லுங்கள்

உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களுக்கு நிறுவி (இன்ஸ்டாலர்) எழுதும் குழுக்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. நல்ல நிலையில் இருக்கும் கணினியோடு லினக்ஸைத் தேடி வருகிறவர்களை உங்கள் நிறுவி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கி, பென் டிரைவில் எழுதி, பூட் மெனு விசையைத் தேடிப்பிடித்து, மொழி, விசைப்பலகை, வைஃபை எல்லாம் கொடுத்த பிறகுதான் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குவது தெரியவருகிறது. விண்டோஸுக்குப் போய் அணைத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். குறியாக்கம் நீங்கவே மணிக்கணக்கில் ஆகலாம். காத்திருந்து திரும்பி வந்தால் வட்டே தெரியவில்லை. காரணம், வட்டை இன்டெல்லின் தனி முறையில் கையாளும் ஆர்எஸ்டி அமைப்பு. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை நேரே ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி விண்டோஸை அமைத்துவிட்டு, பிறகு மாற்ற வேண்டும். பிட்லாக்கர் இயங்கும்போதே பயாஸில் கைவைத்தவரிடம் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். புதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

இவை அத்தனையையும் விண்டோஸுக்குள்ளிருந்தே சோதிக்க முடியும். அப்படிச் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றைத் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

உபுண்டு 8.04-இல், 2008-லேயே, விண்டோஸுக்குள்ளிருந்தே உபுண்டுவை நிறுவும் வுபி வந்தது, 13.04-இல் நீக்கப்பட்டது. நீக்கியதைக் குறை சொல்லவில்லை. முழு லினக்ஸும் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸுக்குள் ஒரே கோப்பாகக் கிடந்தது. திடீரென மின்சாரம் போனால் அந்தக் கோப்போடு எல்லாம் போகும் அபாயம் இருந்தது. அதைத் திரும்பக் கேட்கவில்லை. லினக்ஸ் வட்டில் பிரித்த தனிப் பகுதியிலேயே (பார்ட்டிஷன்) இருக்கட்டும், ஆயத்தம் மட்டும் விண்டோஸில் நடக்கட்டும்.

பிட்லாக்கர், ஆர்எஸ்டி, விண்டோஸை முழுதாக அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மூன்றையும் அந்த நிரல் பார்க்க வேண்டும். சி டிரைவ் உண்மையில் எவ்வளவு சுருங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 200 ஜிபி காலியாகத் தெரிந்தாலும், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் இருந்தால் அதற்கு மேல் சுருங்காது. முடிந்தால், ஐஎஸ்ஓவின் உள்ளடக்கத்தைச் ஃபேட்32 என்ற எளிய கோப்பு முறையில் அமைந்த சிறிய பார்ட்டிஷனில் வைத்து, பயாஸின் இன்றைய வடிவமான யுஇஎஃப்ஐயில் ஒரு பூட் பதிவும் சேர்த்துவிட்டால் பென் டிரைவே வேண்டாம். 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை ஃபேட்32 ஏற்காது என்பதால், லினக்ஸைச் சுருக்கி வைத்திருக்கும் பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை நீங்கள்தான் பிரித்துத் தர வேண்டும்.

டபிள்யூஎஸ்எல் இருக்கிறதே என்று தயவுசெய்து கைகாட்டாதீர்கள். விண்டோஸை விட்டு வெளியேற வருகிறவருக்கு விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் எதற்கு? வெளியீட்டுக்கு வெளியீடு நிறுவியின் தோற்றத்தை மாற்ற நேரம் கிடைக்கிறது. இந்தச் சோதனைகளுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். முழு நிரலுக்குக் காலம் பிடிக்குமென்றால், அந்த நான்கு சோதனைகளை மட்டுமாவது அடுத்த வெளியீட்டின் பதிவிறக்கப் பக்கத்தில், ஐஎஸ்ஓவுக்கு மேலே வையுங்கள்.

இப்படிக்கு,
புதியவர்களுக்கு லினக்ஸ் நிறுவித் தருவோர்